ஒரு காப்பி பத்தாது பாஸ்!

ஃபைனல் இயர் அண்ணன்களே, அக்காக்களே... உங்க புராஜெக்ட் ரிப்போர்ட் இப்போ எங்கே இருக்கு? 'கிளவுட்ல இருக்குப்பா, சேஃப்'னு தோளைக் குலுக்குறீங்களா? அந்த கிளவுட் யாரோட அக்கவுன்ட்? காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யா? அப்படின்னா கொஞ்சம் உட்காருங்க, பேசணும்.

தென் கொரியாவில் அரசு ஊழியர்களுக்குன்னே 'ஜி-டிரைவ்'னு ஒரு கிளவுட் இருந்தது. ஆளுக்கு 30 ஜி.பி. ஆபீஸ் ஃபைல்களை பி.சி.யில வைக்காதீங்க, இதுலயே போடுங்கன்னு 2018-ல் அரசாங்கமே சொல்லிடுச்சு. 2025 செப்டம்பர் 26-ம் தேதி, தேஜோன் நகரத்து டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாத்தற வேலை நடந்தப்போ தீப்பிடிச்சது. 858 டெராபைட் காலி! சைஸ் ரொம்பப் பெரிசு, அதனால வெளியே பேக்கப் எடுத்து வைக்க முடியலைன்னு விளக்கம் சொன்னாங்க. சொன்ன பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் அதிலேயே வெச்சிருந்த துறைக்குத்தான் செம அடி.

இதுக்கு நேர் எதிர் கதை ஆஸ்திரேலியாவில். 'யூனிசூப்பர்'ங்கற பென்ஷன் ஃபண்டில் 6 லட்சத்துக்கும் மேல மெம்பர்ஸ். 2024 மே மாசம், செட்டிங்கில் நடந்த ஒரு கோளாறால் கூகுள் கிளவுடில் இருந்த அவங்களோட பிரைவேட் கிளவுட் டெலீட். ஆனா இன்னொரு கம்பெனிகிட்ட தனியா பேக்கப் வெச்சிருந்தாங்க. பொழைச்சுக்கிட்டாங்க.

நாம பென்ஷன் ஃபண்ட் இல்லை. நமக்கு எது கட்டுப்படியாகும்? டிபார்ட்மென்ட் லேபில் மூலையில் தூங்குற பழைய பி.சி., ரெண்டு பெரிய ஹார்ட் டிஸ்க், லினக்ஸ், சாம்பா. லேப் முழுக்க நெட்வொர்க்ல தெரியற ஒரு ஷேர் ஃபோல்டர் ரெடி. (சாம்பாவை எழுதினது நம்மளை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்தான். கான்பெராவில் பிஹெச்.டி. பண்ணிட்டு இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், 1991 கடைசியில் ஆரம்பிச்சார். பேர் வைக்கணும்னதும் எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையை டிக்ஷனரி ஃபைலில் தேடிப் பிடிச்சிருக்கார். நம்ம பசங்களா இருந்தா ஹீரோ பேரை வெச்சிருப்பாங்க!) கிளவுட் எங்கேயோ இருக்கு, இந்தக் காப்பி நம்ம லேபில் இருக்கு. ஒரே தீயில ரெண்டும் போகாது.

'அதான் ஒன்டிரைவ் என் லேப்டாப்ல சிங்க் ஆகுதே'ங்காதீங்க. சிங்க் வேற, பேக்கப் வேற. இங்கே டெலீட் பண்ணினா அங்கேயும் போயிடும். காலேஜ் ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 93 நாள், கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள். அதுக்கு மேல நினைவு வந்தா, நினைவு மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு வில்லங்கம்: கூகுள் டாக்ஸ் ஃபைலை டிரைவ் ஃபோல்டரில் இருந்து அப்படியே ஷேருக்கு இழுத்துப் போட்டா போறது ஒரு லிங்க் மட்டும்தான், உள்ளே ஒரு வரிகூட இருக்காது. 'ஆர்குளோன்'னு ஒரு இலவச டூல் இருக்கு. அது டாக்ஸை வேர்டு ஃபைலா மாத்தி இறக்கும், ஒன்டிரைவும் அதுக்குப் பழக்கம்தான். அதில் 'காப்பி'ன்னு ஒரு கமாண்ட், 'சிங்க்'னு ஒரு கமாண்ட். சிங்க் போட்டா மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலிருந்தும் துடைச்சிடும். காப்பியும் முழு சாது இல்லை. கெட்டுப்போன ஃபைலை நல்ல ஃபைல் மேலேயே எழுதிடும். அதனால வாரத்துக்கு ஒரு தேதி போட்ட ஃபோல்டர்.

ராத்திரி தானா ஓடணும்னு விண்டோஸில் செட் பண்றவங்க கவனத்துக்கு. உங்க லாகினில் மேப் பண்ணின இசட் டிரைவ், பின்னாடி வேற யூசரா ஓடுற சர்வீஸ் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலையில் பார்த்தா 'பாத் நாட் ஃபவுண்ட்'. ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சர்வர் பேர், ஷேர் பேர்னு முழு அட்ரஸ் கொடுங்க.

அதைவிட முக்கியம், பேக்கப் ஷேரை யார் பி.சி.யிலும் இசட் டிரைவா மாட்டி வைக்காதீங்க. எழுத முடியற டிரைவ் எதுவா இருந்தாலும் ரான்சம்வேருக்கு விருந்துதான். 2017 மே மாசம் வானாக்ரை 150 நாடுகளுக்கு மேல ஆட்டி வெச்சதே இந்த ஷேரிங் புரோட்டோகாலோட பழைய முதல் வெர்ஷனில் இருந்த ஓட்டை வழியாத்தான். அந்த ஓட்டையை அடைக்கற பேட்ச் மார்ச்சிலேயே வந்தாச்சு, போடாதவங்க மாட்டினாங்க. அதனால முதல் வெர்ஷனை ஆஃப் பண்ணுங்க. எழுதற பர்மிஷன் பேக்கப்புக்குன்னு உருவாக்கின ஒரே ஒரு யூசருக்கு மட்டும், பாஸ்வேர்டு ஒட்டு மொத்த கிளாஸுக்கும் தெரியக் கூடாது. முடிஞ்சா சர்வர் பக்கம் ஸ்னாப்ஷாட் போடுங்க. ஷேர் வழியா வர்ற வைரஸால் அதைத் தொட முடியாது. 'எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல்'னு டிக் அடிச்ச ஷேரில் பேக்கப் வைக்கறதும், ஹாஸ்டல் டி.வி. ரூமில் பர்ஸை வெச்சிட்டுத் தூங்கறதும் ஒண்ணு.

மெயிலையும் எடுக்கணுமா? பொறுமை வேணும். லட்சக்கணக்கான குட்டி குட்டி ஃபைல்னா நெட்வொர்க் ஷேர் நத்தை மாதிரி நகரும். லோக்கலில் ஒரே ஃபைலா கட்டி அப்புறம் தள்ளுங்க.

காலேஜ் அக்கவுன்ட்டில் வெளி டூல் நுழைய அட்மின் ஓ.கே. சொல்லணும், முதல்ல லேப் இன்சார்ஜ் சாரைப் பிடிங்க. அப்படியே, கோர்ஸ் முடிஞ்சதும் மெயில் ஐ.டி. எத்தனை நாள்ல மூடும்னும் கேட்டு வைங்க. எடுத்த பேக்கப்பிலிருந்து நாலு ஃபைலை வேற ஒரு லேப்டாப்பில் திறந்து பார்த்துட்டு, வைவாவுக்குப் படிக்கப் போங்க.