விளக்குப் பூட்டினால் உத்தரவாதம் அணையுமோ?

கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு பத்திரத்தைக் காட்டினார். லீசிங்கில் வாங்கிய புதிய வண்டியோடு கிடைத்த உத்தரவாதப் பத்திரம் அது. முழுவதும் ஆங்கிலம், அதுவும் பொடி எழுத்து. தவணை முடியுமுன்னரே கியர் பெட்டி பழுதாயிற்று. விற்றவர்களிடம் கொண்டு சென்றார். அவர்கள் கியர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பஞ்சிகாவத்தையில் வாங்கி அவர் பூட்டியிருந்த இரண்டு விளக்குகளையும், கொச்சிக்கடை அந்தோனியார் படத்தைச் சுற்றிய வண்ணக் குமிழ்களையுமே பார்த்தனர். வெளிப் பொருள் பூட்டியதால் உத்தரவாதம் முழுவதும் இரத்து என்றனர்.

மின்குமிழுக்கும் பற்சக்கரத்துக்கும் என்ன உறவு? இக்கேள்விக்கு அவர்கள் விடை கூறவில்லை. கூற வேண்டிய கட்டாயமும் தமக்கில்லை என்றே நினைக்கின்றனர். இங்கேதான் அநீதி இருக்கிறது.

தவறாக இணைத்த கம்பியால் பட்டரி எரிந்தால் அந்த நட்டத்தை விற்றவர் தலையில் கட்டுமாறு நாம் கேட்கவில்லை. வீதிக்கு ஆபத்தானவற்றைக் கழற்றச் சொல்வதும் அரசின் கடமையே. 2025 சனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிசார் கழற்ற முற்பட்டபோது ஓட்டுநர்கள் கொதித்தெழுந்தனர். பகல் முழுவதும் தாம் வாழும் இடத்தைச் சிறிது அழகு செய்ய ஏழைக்கு உரிமையில்லையா என்பது அவர்களது கேள்வி. ஆயினும் அது வேறு வழக்கு. விற்ற பொருளின் குறைக்குப் பொறுப்பேற்பது வீதி ஒழுங்கோடு சம்பந்தப்பட்டதன்று.

முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவே 1975 இல் மக்னுசன்–மொஸ் சட்டத்தை இயற்றியது. இன்ன கம்பனியின் பாகத்தையே பூட்ட வேண்டும், இல்லையேல் உத்தரவாதமில்லை என்று, அப்பாகத்தை இலவசமாகக் கொடுக்காத ஒருவர் நிபந்தனையிடுவதை அச்சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அங்கே வெளிப் பாகமே பழுதுக்குக் காரணமென விற்றவர் காட்ட வேண்டும். இங்கேயோ, காரணமன்று என்பதை ஆங்கிலம் அறியாத ஓட்டுநர் நிரூபிக்க வேண்டுமாம்!

நம் நாட்டில் சட்டமே இல்லையென்று எண்ண வேண்டாம். விற்கும் பொருள் அதன் பயனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டுமென்னும் கொள்கை 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, உத்தரவாதத்துக்கு மாறான விற்பனை பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம். ஆனால் நண்பரின் பத்திரத்தில் அச்சபையின் பெயரே இல்லை! நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையதே என ஐயத்துக்கிடமின்றி விதியுங்கள். பத்திரத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிடச் செய்யுங்கள். இவற்றுக்கு மேல் நாம் எதைக் கேட்கிறோம்?

சென்ற ஞாயிறு இரவு, ஓடாமல் நிற்கும் அந்த ஓட்டோவின் பின்னிருக்கையில் அமர்ந்து, நண்பருடன் சேர்ந்து முறைப்பாட்டைத் தமிழில் எழுதினோம். வெளிச்சத்துக்கு அந்தோனியாரின் குமிழ்களே உதவின. மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.