செவ்வாய்க்கு முன் சமையலறை



செவ்வாயில் வாழ்ந்து திரும்பியவர் எவரும் இல்லை. அங்கே வாழ ஒத்திகை பார்த்தவர்களோ நிறையப் பேர். அமெரிக்காவின் ஹூஸ்டனில், முப்பரிமாண அச்சு முறையில் நாசா கட்டிய 1,700 சதுர அடி வீட்டுக்குள் 2023 ஜூன் 25 அன்று நான்கு பேர் போனார்கள். 378 நாள் கழித்து, 2024 ஜூலை 6 அன்றுதான் வெளியே வந்தார்கள். செவ்வாயிலிருந்து பேசினால் ஒரு சொல் பூமிக்கு வந்து சேர 22 நிமிடம் வரை ஆகும். அதே தாமதத்தை அந்த வீட்டிலும் வைத்திருந்தார்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம் ஆகலாம்.

உள்ளே என்னதான் செய்தார்கள்? செம்மண் கொட்டிய முற்றத்தில் விண்வெளி உடையோடு நடந்தார்கள். தக்காளி வளர்த்தார்கள், பழுது பார்த்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், சமைத்தார்கள், வீட்டைத் துடைத்தார்கள். ஆராய்ச்சி செய்யப் போனவர்களே ஆராயப்படும் பொருளாகவும் இருந்தார்கள். ராக்கெட் எப்படிப் பறக்கும் என்பது அங்கே கேள்வியே இல்லை. அடைத்து வைத்த மனிதன் எப்படி உண்கிறான், உறங்குகிறான், பக்கத்தில் இருப்பவனோடு எப்படி ஒத்துப்போகிறான் என்பதே கேள்வி.

மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு ஆண்கள் 520 நாள் இப்படி அடைந்து கிடந்தார்கள். நாள் போகப் போக அவர்களுடைய நடமாட்டம் குறைந்தது, படுக்கையில் கிடக்கும் நேரம் கூடியது. ஒருவருடைய உடல் 24 மணி நேரத்தை விட்டு 25 மணி நேர நாளுக்கு நழுவி, மற்றவர்கள் விழித்திருக்கையில் அவர் தூங்கினார்.

அங்கே நடந்த உப்பு ஆராய்ச்சிதான் எனக்குப் பெரிய வியப்பு. உப்பு கூடினால் தாகம் கூடும் என்றுதானே நாம் நம்புகிறோம்? மாஸ்கோ ஒத்திகைகளில் ஒரு நாளைய உப்பை 12 கிராம், 9 கிராம், 6 கிராம் என்று வாரக்கணக்கில் மாற்றிப் பார்த்தார்கள். உப்பு கூடிய வாரங்களில் அவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தார்கள்; கூடியது பசிதான். 2017-ல் இந்த முடிவு வெளியானது. வெளியுலகில் ஒருவர் தின்னும் ஒவ்வொரு கவளத்தையும் மாதக்கணக்கில் நிறுத்துப் பார்க்க முடியுமா? கதவைப் பூட்டிய வீட்டில் முடிந்தது.

நம் நியூசிலாந்துக்கும் இதில் பங்கு உண்டு. 2012-ல் கிவிமார்ஸ் என்ற பெயரில், ஹரிதினா மொகொஷானு தலைமையில் நியூசிலாந்திலிருந்து ஒரு குழு அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்திலுள்ள செவ்வாய் ஆய்வு நிலையத்தில் போய்த் தங்கியது. குயின் வீதியிலிருந்து ஆல்பர்ட் பூங்கா மேட்டில் ஏறினால் வரும் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கேத்லீன் கேம்ப்பெல் நம் நாட்டு வெந்நீர் ஊற்றுகளின் பாறைகளை வைத்துச் செவ்வாயில் பண்டைய உயிரின் தடயத்தை எங்கே தேடலாம் என்று ஆராய்கிறார்.

இந்தியாவிலும் இப்படி ஓர் ஒத்திகை நடந்தது. லடாக்கின் த்சோ கார் பள்ளத்தாக்கில் 'ஹோப்' என்ற ஒத்திகை நிலையத்தை 2025 ஜூலை 31 அன்று திறந்து வைத்தவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எட்டு மீட்டர் விட்டமுள்ள அந்தக் கூடாரத்தில் இருவர் பத்து நாள் தங்கினார்கள்.

ஆக்லாந்துக்காரர்களுக்கு இந்தச் செய்திகள் கொஞ்சம் பழகியதாகவே தோன்றும். 2020-லும் 2021-ன் பெரும்பகுதியிலும் நாடு திரும்பியவர்கள் நகர மையத்து ஹோட்டல்களில் ஒரே அறையில் 14 நாள் இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 17 இரவு தொடங்கிய பொதுமுடக்கம் இங்கே 107 நாள் நீடித்தது. ஹூஸ்டனுக்குப் போனவர்களைச் சோதித்துப் பொறுக்கி எடுத்தார்கள். நம்மை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. அவர்களுடைய வீட்டில் குழந்தை அழவில்லை, தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையும் இல்லை. நம் வீடுகளில் அத்தனையும் இருந்தது. கேட்டுக் குறித்துக்கொள்ள ஓர் ஆராய்ச்சியாளர் மட்டும்தான் இல்லை.

அந்த வேலையை நாமே செய்யலாம் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் சண்டை வராமல் காத்தது எது? பாத்திரம் கழுவ முறை வைத்தீர்களா, சாயங்கால நடையா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியா? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் சிறுவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே வீட்டைப் பற்றி மூன்று விதமாக வந்தாலும் மூன்றையும் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்