ஜெமைமா யார் மகள்?

டேனியல் பூன் பிறந்த தேதியிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 1734 அக்டோபர் 22 என்பது அவர் தன் வாயால் சொல்லிவந்த தேதி. 1752இல் பிரிட்டனும் அதன் காலனிகளும் காலண்டரை மாற்றியபோது 11 நாட்கள் காணாமல் போயின. புதிய கணக்கில் அவர் பிறந்தது நவம்பர் 2. கென்டக்கி காடுகளுக்குள் வழி வெட்டி, 1775இல் பூன்ஸ்பரோ கோட்டைக் குடியிருப்பை அமைத்த மனிதர் அவர். அந்த மண்ணில் வேட்டையாடிவந்த ஷானி மக்களுக்கு அவர் முன்னோடி அல்ல, அத்துமீறி வந்தவர். ஆனால் அவர் வம்சத்தில் தன் பெயரும் இருக்கிறதா என்று தேடும் அமெரிக்கர்களுக்குக் குறைவில்லை.

தேடுகிறவர்களுக்கு முதலில் கைகொடுப்பவை பென்சில்வேனியாவின் க்வேக்கர் சபைக் குறிப்பேடுகள். பூனின் தந்தை ஸ்கொயர், இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்த க்வேக்கர். 1742இல் அவருடைய மூத்த மகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டார், அதுவும் கர்ப்பிணியாக. ஸ்கொயர் சபை முன்பு மன்னிப்புக் கேட்டார். 1747இல் மகன் இஸ்ரேலும் வெளியே பெண் எடுத்தபோது, தந்தை மகன் பக்கம் நின்றார். சபை அவரை விலக்கியது. ஊர்விலக்கு என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். 1750இல் குடும்பம் வட கரோலினாவுக்குக் கிளம்பியது. கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடந்தவர்களைவிட மீறியவர்களைப் பற்றித்தான் இம்மாதிரிக் குறிப்பேடுகள் அதிகம் பேசுகின்றன என்பது தேடுகிறவர்களின் அதிர்ஷ்டம்.

எந்தக் குறிப்பேட்டிலும் தீராதது ஜெமைமாவின் கதை. 1756இல் ரெபெக்காவை மணந்த பூனுக்குப் பத்துப் பிள்ளைகள். 1762இல் பிறந்த ஜெமைமா மட்டும் அவருக்குப் பிறந்தவள் இல்லை என்று ஊர் பேசியது. பூன் நெடுநாள் வேட்டைக்குப் போயிருந்தார், செத்துவிட்டார் என்று ரெபெக்கா நம்பினாள், குழந்தையின் தந்தை பூனின் தம்பி நெட் என்று போகிறது அந்தப் பேச்சு. கதைக்கு வடிவங்கள் பல, ஆதாரம் ஒன்றுமில்லை. எல்லா வடிவத்திலும் மாறாத ஒன்று, பூன் அவளைத் தன் மகளாகவே வளர்த்தார் என்பது.

1776 ஜூலையில் ஜெமைமாவையும் இரண்டு தோழிகளையும் ஷானி, செரொகி வீரர்கள் கடத்திச் சென்றார்கள். பூன் காட்டுத்தடம் பார்த்துத் துரத்தி, மூன்றாம் நாள் மீட்டார். இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1778இல் பூன் ஷானிகளிடம் சிக்கினார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்து எடுத்து, பெரிய ஆமை என்று பொருள்படும் பெயரும் வைத்தார். (இந்தத் தந்தையை வம்சாவளியில் எங்கே எழுதுவது?) ரெபெக்கா நம்பிக்கை இழந்து பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குத் திரும்பிவிட்டாள். ஜூனில் பூன் தப்பி வந்தபோது கோட்டையில் அவருக்காகக் காத்திருந்தவள் ஜெமைமா மட்டுமே.

கென்டக்கியில் வாங்கிய நிலங்களையெல்லாம் பட்டா வழக்குகளிலும் கடனிலும் இழந்த பூன், 1799இல் மிசௌரிக்குப் போனார். 1820இல் இறந்தவரை, ஜெமைமாவின் வீட்டுக்கு அருகே, ரெபெக்காவின் பக்கத்தில் புதைத்தார்கள். 1845இல் கென்டக்கிக்காரர்கள் எலும்புகளைத் தோண்டி எடுத்து, ஃபிராங்ஃபர்ட் நகரில் அடக்கம் செய்தார்கள். தவறான குழியைத் தோண்டிவிட்டார்கள் என்று மிசௌரியில் பேச்சு கிளம்பியது.

அந்த மறு அடக்கத்துக்கு முன் மண்டையோட்டுக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்திருந்தார்கள். 1983இல் அதை ஆராய்ந்த தடயவியல் மானுடவியலாளர் ஒருவர், அது கறுப்பினத்தவருடையதாக இருக்கலாம் என்றார். அச்சு கரடுமுரடானது, முடிவாக எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் மிசௌரியின் அந்த இடுகாட்டில் அடிமைகளும் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய வம்சாவளியை எந்தக் குறிப்பேடும் எழுதி வைக்கவில்லை.