மாதம் ஒரு போர்ட் வைன்... எம்.கே.பி. நகருக்கு டெலிவரி ஆகுமா?

'மாதம் ஒரு பாட்டில், வீட்டு வாசலிலேயே!' லண்டன்வாசிக்கு போர்ட் வைன் சந்தா கிளப் சாதாரண விஷயம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் எம்.கே.பி. நகர்வாசிக்கு?

போர்ட் வைன் என்றால்?
போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குத் திராட்சையில் தயாராவது. புளிக்கும்போதே திராட்சை ஸ்பிரிட் சேர்ப்பதால் இனிப்பு தங்கிவிடும். ஆல்கஹால் சுமார் 20%. போர்ட்டோ நகரம் வழியாக ஏற்றுமதியானதால் இந்தப் பெயர்.

இங்கே என்ன சிக்கல்?
2003 முதல் தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்தான். டோர் டெலிவரி கிடையாது. 2020 மே மாத ஊரடங்கில், 'கடைகளை மூடுங்க, ஆன்லைனில் விற்கலாம்' என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஒடிசா, மேற்கு வங்கத்தில் ஸ்விக்கி, ஸொமேட்டோ மது டெலிவரியைத் தொடங்கின.

காசு மிச்சமாகுமா?
மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதுதான் கிளப்பின் பலம். இந்தியாவிலோ இறக்குமதி வைனுக்கு நீண்ட காலமாக 150% சுங்க வரி; அதற்கு மேல் மாநில வரி. தள்ளுபடி அதிலேயே கரைந்துவிடும்.

அப்போ என்ன செய்யலாம்?
வெளிநாட்டு வைன் வேண்டுமென்றால் டாஸ்மாக் எலைட் கடையில் கேட்டுப் பாருங்க. 'சென்னையில் டோர் டெலிவரி, முன்பணம் கட்டுங்க' என்று லிங்க் வந்தால் தொடாதீங்க. பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள்.