பூச்சாண்டி ஈ

சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், "பூச்சாண்டி வருகிறான்!" என்கிறோம் அல்லவா? பழங்கால கிரேக்க நாட்டுத் தாய்மார்கள், "மோர்மோ வருகிறாள்!" என்று மிரட்டினார்களாம். அந்த மோர்மோவின் பெயரைத் தாங்கிய ஈ ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 'மோர்மோடோமையா ஹிர்சூட்டா' என்பது அதன் பெயர். 'மயிர் அடர்ந்த பூச்சாண்டி ஈ' என்று நாம் சொல்லலாம்.

கென்யா நாட்டில், திக்கா நகருக்கும் கரிசா நகருக்கும் நடுவே, உகாசி என்று ஒரு குன்று. அங்கே ஒரு பெரிய பாறை பிளந்து நிற்கிறது. பிளவுக்குள் வௌவால்கள். 1933-ம் ஆண்டு அங்கேதான் இந்த ஈ முதன்முதலாகச் சிக்கியது.

பார்ப்பவர்கள் சிலந்தி என்றே நினைப்பார்கள். நீண்ட கால்கள். உடம்பெல்லாம் மஞ்சள் ரோமம். நீளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். ஆனால் கால்களை எண்ண வேண்டும். சிலந்திக்கு 8 கால், இதற்கு 6.

சரி, சிறகு எங்கே? ஈ இனத்துக்கு 2 சிறகு உண்டு. இதற்கும் உண்டு, ஆனால் அறுந்து போன வார்த் துண்டு போல! பறக்கவே முடியாது. ஓடத்தான் முடியும். இதன் புழுக்கள் வௌவால் எச்சத்தில் வளர்கின்றன.

லண்டன் மியூசியத்தில் இருந்த ஆஸ்டன் என்ற அறிஞர் 1936-ல் இதை விவரித்து எழுதினார். தெரிந்த எந்த ஈக் குடும்பத்திலும் இது சேரவில்லை. ஆகவே இந்த ஒன்றுக்காகவே தனிக் குடும்பம் வகுத்தார். இதே ஆஸ்டன், 1903-ல் ட்செட்சி ஈக்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். உறக்க நோயைப் பரப்பி உயிரைக் குடிக்கும் ட்செட்சியை உலகமே அறியும். யாரையும் கொல்லாத பூச்சாண்டியை யார் அறிவார்? வேடிக்கைதான்!

1948-ல் மறுபடி கண்டார்கள். பிறகு ஐந்தாறு தடவை தேடிப் போயும் பலன் இல்லை. அழிந்தே போய்விட்டதோ என்ற கவலை. 2010 டிசம்பரில், ராபர்ட் கோப்லண்டும் ஆஷ்லி கிர்க்-ஸ்ப்ரிக்சும் அதே பிளவில் ஈயைக் கண்டார்கள். 62 ஆண்டு கழித்து!

எப்படி முடிந்தது? எந்தக் குன்று, எந்தப் பிளவு என்று முன்னோர் குறித்து வைத்திருந்தார்கள். 'ஆப்பிரிக்காவில் கிடைத்தது' என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கே போய்த் தேடுவது?

"ஓர் ஈக்காக இத்தனை பாடா? இத்தனை செலவா?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். புலி குறைந்தால் எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த ஈ குறைந்தால் யாருக்குத் தெரியும்? அது குடும்பத்துக்கு ஒரே பிள்ளை. இது போனால் குடும்பமே போயிற்று.

நெருப்பு மூட்டி யாராவது வௌவால்களை விரட்டினால், எச்சம் விழாது, புழு வளராது. பறந்து தப்பவும் ஈக்குச் சிறகு இல்லை. அந்தப் பிளவைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். பாறை தானாகவே நிற்கிறது. வௌவால்களை யாரும் கலைக்காமல் இருந்தால் போதும்.