நிழற்படமும் நாம் நிற்கும் இடமும்

சென்ற ஜனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, எங்கள் நிழற்படக் குழுவைச் சேர்ந்த மாணவியர் 14 பேரும், புவியியல் ஆசிரியையுடனும் சிஸ்டருடனும் பள்ளிப் பேருந்தில் புறப்பட்டு, காலையில் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கும், மாலையில் ஒத்தக்கடை யானைமலைக்கும் சென்று வந்தோம். கொண்டுபோனவை பள்ளியின் காமிரா ஒன்று, பெற்றோரிடம் கெஞ்சி இரவல் வாங்கிய கைபேசிகள் ஆறு. திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் 417 படங்கள்! 36 படம் பிடிக்கும் பிலிம் ரோல் ஒன்றைத் தீபாவளிக்கு வாங்கிப் பொங்கல் வரை பொத்திப் பொத்தி வைத்திருந்த கதையை எங்கள் தாய்மார் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்ல எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

417இல் 12ஐத் தேர்ந்தெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். நடுவில் இடம்பெற்றது யானைமலைப் படம். இளஞ்சிவப்பு வானம், கரிய பாறை, வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "ஆகா!" என்றார்கள். மூன்றாம் நாள் எங்கள் பேருந்து ஓட்டுநர் அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். அவர் ஒத்தக்கடைக்காரர். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தாம்மா இருக்கு. இது எந்த மலை?" என்று கேட்டார்.

"யானைமலை அண்ணே! நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

"எங்க ஊரு மலையா? பொறந்ததுல இருந்து பாக்குறேன், எனக்கே தெரியலையேம்மா. சூரியன் இந்தப் பக்கம் இறங்குது, வானம் அந்தப் பக்கம் எப்படிச் செவந்துச்சு?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. வானம் சிவந்தது கைபேசியில் உள்ள ஒரு செயலியால். யானையின் தும்பிக்கைப் பகுதியை, அதன் அருகே ஒரு மின்கம்பம் நின்றதால், நாங்களே வெட்டிவிட்டோம். அடிவாரத்து வீடுகளும் அவ்வாறே போயின. எஞ்சியது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு கருப்பு மேடு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அண்ணனின் கேள்விதான். அழகான படம் வேறு, ஓர் இடத்தின் படம் வேறு என்பதும், இரண்டாவதை எடுப்பதற்கே படத்தின் அமைப்பைப் பற்றிய அறிவு மிகுதியும் வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் படம் எடுப்பவருக்கு எளிதானதன்று. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ காமிராவை எப்பக்கம் திருப்பினாலும் ஏதேனும் ஒன்று அமைந்துவிடும். நம்முடையதோ சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை நிலம், ஆங்காங்கே பனையும் சீமைக்கருவேலமும், எங்கோ தொலைவில் திடீரென்று எழுந்து நிற்கும் ஒரு பாறைக் குன்று, மேலே வெளுத்த வானம். இதை நின்ற வாக்கிலே எடுத்தால் கீழ்ப்பாதி மண், மேற்பாதி வானம், நடுவில் எறும்புப் புற்றுப் போல மலை. எங்கள் 417இல் ஏறக்குறைய பாதி இவ்வகைதான்.

இதற்கு மருந்து என்ன? முதலாவது, நடப்பது. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும் இருக்கின்றன. பேருந்தை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்று நாங்கள் எல்லாரும் முதல் இருபது நிமிடங்களில் நூறு படங்களை எடுத்துத் தள்ளினோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும் காமிராவைப் பையில் வைத்துவிட்டுக் குளத்தைச் சுற்றி வந்தாள். பிறகு கரைச் சரிவில் இறங்கி, தண்ணீருக்கு ஓர் அடி மேலே கையைத் தாழ்த்தி, ஒரே ஒரு படம் எடுத்தாள். முன்னே தாமரை இலைகள் பெரிதாக, அவற்றுக்கு அப்பால் நீரில் மலையின் நிழல், அதற்கு மேல் மலை. நாங்கள் எடுத்த அதே மலைதான், அதே வெளிச்சம்தான். அவள் நின்ற இடமே வேறு. காமிராவை ஒரு முழம் தாழ்த்தியதும் அந்தத் தட்டை நிலத்திற்கு முன், நடு, பின் என்று மூன்று அடுக்குகள் வந்துவிட்டன.

இரண்டாவது, கைபேசியின் கண் நம் கண்ணைக் காட்டிலும் அகலமாகப் பார்ப்பது. அது பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தொலைவில் இருப்பதைச் சிறிதாக்கும். தோழியை ஐந்தடி தூரத்தில் நிறுத்தி, "பின்னாலே மலை தெரியட்டும்" என்று எடுத்தால் முகம் பூசணிக்காய் போலவும் மலை கடுகு போலவும் வருவது இதனால்தான். அவளை இன்னும் சற்றுத் தள்ளி நிறுத்தி, நாமும் பின்னுக்குச் சென்று, அருகில் இழுத்துக் காட்டும் வசதியை இரண்டு மடங்குக்கோ மூன்று மடங்குக்கோ வைத்துப் பாருங்கள். அவள் பழைய அளவிலேயே இருப்பாள், மலை எழுந்து நிற்கும். வீட்டு மாடியிலே தண்ணீர்த் தொட்டியையும் பக்கத்துத் தெருக் கோபுரத்தையும் வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எங்களுள் சிலர் சோதித்துப் பார்த்து, துணி காயப்போட வந்த அம்மாவிடம் திட்டும் வாங்கினோம்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளை அக்கோடுகளின் மீது வைக்க வேண்டும் என்பர். இதற்கு இப்பெயரிட்டு எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். ஆண்டு 1797. அப்போது நிழற்படக் கலையே பிறக்கவில்லை. விதி நல்ல விதிதான். வெளுத்த வானத்திற்குப் பாதிப் படத்தைத் தாரை வார்க்காமல் காப்பாற்றுகிறது. ஆனால் இதைக் கற்ற அன்றே எங்கள் குழுவில் அனைவரும் எல்லாப் படங்களிலும் மரத்தை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டோம், வாடகை வீட்டுச் சாமான்களைப் போல. கோலம் போடும்போது எத்தனை புள்ளி என்பதை வாசலைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம்? தெப்பக்குளத்து மைய மண்டபம் நான்கு பக்கமும் ஒத்து அமைந்தது. அதை நடுவில் வைத்தால்தான் சரியாக இருக்கிறது.

வானத்தைப் பற்றிப் பேசும்போது, நமக்கு முன்பே இங்கு வந்து இதே தொல்லையைப் பட்ட ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற படைத்தலைவர். மதராஸ் அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார். பிலிம் இல்லாத காலம் அது. ஏறத்தாழ ஓரடிக்கு மேல் நீளமுள்ள மெழுகிட்ட காகிதத்தில் மருந்து பூசி, அதையே பெரிய காமிராவில் வைத்து எடுத்தார். நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுத்தார். வைகையையும் அதன் குறுக்கே மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் எடுத்தார். யானைமலையையும் விடவில்லை. அதை நீளவாட்டில் அல்லாமல் ஒரு முனையிலிருந்து எடுத்திருக்கிறார். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமும் 90 மீட்டர் உயரமும் கொண்ட ஒற்றைப் பாறை அது. பக்கவாட்டில் பார்த்தால் நீண்ட சுவர் போலக் கிடக்கும், முனையில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரிகிறது. வண்டி நிறையக் கருவிகளுடன் வந்து, ஒரு படத்திற்கு அத்தனை பாடுபட்ட அவர், காமிராவை இறக்கும் முன்பே எங்கே நிற்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் காகிதத்திற்கு நீல நிறத்தின் மேல் கூச்சம் மிகுதி. ஆகையால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே விழும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தாமே மேகங்களைத் தீட்டினார்! இதை ஆசிரியை சொன்னதும் எங்கள் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. "அவர் செய்தால் கலை, நாங்கள் செயலியில் செய்தால் குற்றமா?" என்று ஒரு கட்சி. அக்கட்சியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் மேகத்தைத் தீட்டியது காகிதத்தால் பிடிக்க முடியாத ஒன்றை ஈடு செய்வதற்கு. அவருடைய யானைமலையைப் பார்த்தால் இன்றும் அது யானைமலை என்று தெரிகிறது. எங்கள் யானைமலையை ஒத்தக்கடைக்காரரே அடையாளம் காணவில்லை. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று எங்களுள் பெரும்பாலோர் எண்ணுகிறோம். சிஸ்டர் மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

இனி எங்கள் தவற்றுக்கு வருகிறோம். 12 படங்களைத் தேர்ந்தெடுத்த அன்று, ஒவ்வொருத்தியும் தன் ஊர்ப் படம் ஒன்றையும் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் தோழி ஒரு குன்றின் படத்தைக் கொண்டுவந்தாள். குன்றின் ஒரு பக்கம் மழையும் வெயிலும் உருட்டிய பழைய பாறை. மறுபக்கம் கிரானைட்டுக்காகக் கத்தியால் வெட்டிய வெண்ணெய்க்கட்டி போல நேராக அறுக்கப்பட்டுக் கிடந்தது. கீழே பள்ளத்தில் பச்சை நீர். முன்னே ஓர் ஆட்டுத்தடம் வளைந்து சென்று அந்த வெட்டின் விளிம்பிலே முடிந்தது. நாங்கள் கைதூக்கி வாக்களித்தோம். 11 பேர் "வேண்டாம்" என்றோம். காரணம், "பார்க்க அழகாக இல்லை." அவள் ஒன்றும் சொல்லாமல் படத்தை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

படத்தின் அமைப்பு என்பதே விடுவதுதான் என்று நூல்கள் கூறுகின்றன. குப்பைத்தொட்டியை விடு, கம்பியை விடு, வேண்டாத கிளையை விடு. சரிதான். ஆனால் கண்ணுக்கு இடையூறாக இருப்பது வேறு, மனத்திற்கு இடையூறாக இருப்பது வேறு. தும்பிக்கையோடு சேர்த்து மின்கம்பத்தை வெட்டியபோதும், அறுபட்ட குன்றை ஒதுக்கியபோதும் நாங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். இத்தனைக்கும் அவள் படத்தில் அமைப்புக்குக் குறையே இல்லை. அந்த ஆட்டுத்தடம் கண்ணைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது. எங்கள் இளஞ்சிவப்பு மலையில் கண்ணுக்குப் போக இடமே இல்லை.

அரிட்டாபட்டியை எல்லாரும் அறிவீர்கள். 2022 நவம்பரில் அதுவும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது தெரிந்து ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் கைபேசிகளுக்கெல்லாம் அம்மலைகளின் படங்கள் வந்து குவிந்தன. மலையும் மாலைச் சூரியனும் மட்டுமாக வந்தவை பல. அவற்றை இன்று நினைவுகூர முயன்றால் ஒன்றும் கிட்டவில்லை. எங்களுக்கு நினைவில் நிற்பது, முன்னே கண்மாயும் வயலும், வரப்பிலே ஓர் அம்மாவும், அவர்களுக்குப் பின்னே பாறையுமாக இருந்த படமே. அதில் இருந்தது யாருடைய மலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு ஆல்பத்தில், அவள் அப்பா சிறுவனாக இருந்தபோது, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் கிரிக்கெட் ஆடும் படம் இருக்கிறது. தண்ணீரில்லாமல் பல காலம் குளம் வறண்டு கிடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் வைகை நீர் வந்து நிறைந்து காண்கிறோம். எடுத்தவர் அவர் சித்தப்பா, படிக்கட்டில் உட்கார்ந்தபடி. முன்னே மூன்று குச்சிகள் ஸ்டம்பாக, நடுவில் ஓடும் பையன்கள், பின்னே நட்டநடுவில் மைய மண்டபம். அவர் எந்த விதியும் படித்தவரல்லர். மண்டபம் மட்டும் போதும் என்று எண்ணி அந்தக் குச்சிகளை வெட்டியிருந்தால், குளம் காய்ந்து கிடந்த காலம் அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திராது.

மேலூர்த் தோழியிடம் சென்று படத்தைத் திரும்பக் கேட்டோம். "இப்ப மட்டும் அழகாயிருச்சாக்கும்?" என்றாள். அதற்கு நாங்கள் தகுந்தவர்களே. இரண்டு நாள் கழித்துக் கொடுத்தாள். அப்படம் இப்போது பலகையின் நடுவில் இருக்கிறது. இளஞ்சிவப்பு யானைமலையை எடுத்தவளே தன் கையால் அதை அகற்றினாள்.

யானைமலைக்கு மீண்டும் செல்ல வேண்டும். ஒத்தக்கடைக் கண்மாய்க் கரையில், சிறுவனாக மாடு மேய்க்கும்போது தான் வழக்கமாக உட்காரும் ஓர் இடத்தில் நின்றால் தும்பிக்கை முழுவதும் தெரியும் என்றும், மாலை ஐந்து மணிக்குப் பாறை தானாகவே சிவக்கும் என்றும் ஓட்டுநர் அண்ணன் கூறுகிறார். மின்கம்பமும் தெரியுமாம். தலைமைச் சகோதரியிடம் அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பெற்றோர் கையெழுத்துக்கான தாள் அடுத்த வாரம் வீட்டுக்கு வரும்.

– நிழற்படக் குழு மாணவியர், பதினொன்றாம் வகுப்பு