கணினி வைத்தால் கராஜ் ஆகிவிடுமா?

2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதிது புதிதாக வாகனத் திருத்தகங்கள் எழுந்தன. அவற்றுள் பல புலம்பெயர்ந்த நம்மவர்களின் பணத்தில் எழுந்தவை. ஊரில் ஒரு கராஜ் போட்டால் தம்பிக்கோ மருமகனுக்கோ தொழில் கிடைக்கும், ஊருக்கும் பயன் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் எனக்குக் குறையில்லை. அது செயலாகும் விதத்தைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியுள்ளது.

கண்ணாடி அடைத்த அலுவலகம், குளிரூட்டி, இரட்டைத்தூண் லிப்ட், சுவரில் பாதுகாப்புக் கமெரா, மேசையில் ஒரு கணினி. அந்தக் கணினிக்குள் 'கராஜ் முகாமைத்துவ மென்பொருள்'. திறப்பு விழாவில் முதலாளியின் உறவினர் முதலில் காட்டுவது அதைத்தான். "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கு" என்பார். எல்லாம் என்றால் எது? இரண்டு மூன்று ஆண்டுகளில் கதவை மூடிய இத்தகைய கராஜ்களை நான் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் கணினி கடைசி நாள்வரை ஒழுங்காகவே வேலை செய்தது.

நான் கணினிக்கு எதிரானவன் அல்லன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். கணினி வந்ததும் பிழைகள் ஒழிந்துவிடும் என்று அன்று எமது நிர்வாகிகள் கூறினார்கள். ஒழியவில்லை. ஒப்புநோக்குநர்களை வீட்டுக்கு அனுப்பிய பத்திரிகைகளில் பிழைகள் முன்னரிலும் விரைவாக அச்சேறின. செய்தியை ஒருவர் எழுத, மற்றொருவர் பார்க்க, மூன்றாமவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்த இடத்தில் கணினி பெருந்துணையாயிற்று. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் அது தட்டச்சுப்பொறியாக மட்டுமே இருந்தது. கராஜுக்கும் இதுவே பொருந்தும்.

இந்த மென்பொருள்கள் செய்வது என்ன? வந்த வாகனத்தின் இலக்கம், செசி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், உரிமையாளரின் முறைப்பாடு ஆகியவற்றைப் பதிந்து வேலை அட்டை ஒன்றைத் திறக்கும். செலவு மதிப்பீட்டைத் தயாரிக்கும். எந்த மெக்கானிக் எத்தனை மணிநேரம் வேலை செய்தார், களஞ்சியத்திலிருந்து எந்த உதிரிப்பாகம் எடுக்கப்பட்டது என்று கணக்கு வைக்கும். பில் அடிக்கும். அடுத்த சேர்விஸ் எப்போது என்று வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். யாவும் நல்லவையே. ஆனால் நம் ஊரில் இவற்றுள் எவை பயன்படுகின்றன? பில் அடிக்கும் பகுதியும், அன்றாட வரவு எவ்வளவு என்று வெளிநாட்டிலுள்ள முதலாளியின் தொலைபேசிக்குக் காட்டும் பகுதியுமே. மற்றவை வெறுமையாகக் கிடக்கின்றன.

காரணம் வெளிப்படையானது. மென்பொருள் வாங்கப்பட்டது வேலையை ஒழுங்குபடுத்துவதற்காக அன்று. உறவினர்மீது நம்பிக்கை இல்லாததால் வாங்கப்பட்டது. ஸ்காபரோவிலோ இலண்டனிலோ இருப்பவர், தம்பி காசை எடுக்கிறானா என்று பார்க்கவே அதைப் பொருத்துகிறார். தம்பிக்கு அது தெரியும், மெக்கானிக்குக்கும் தெரியும். தன்னை வேவு பார்க்க வைத்த பொருளுக்கு யார் மெய்யான தகவலைக் கொடுப்பார்கள்? களஞ்சியத்தில் ஆறு ஒயில் பில்டர்கள் உள்ளன என்று கணினி சொல்லும். தட்டில் இரண்டுதான் இருக்கும். அவசர வேலைகள் 'சிஸ்டத்துக்கு வெளியே' நடக்கும். காலையில் வந்து மாலையில் போகும் காசுக்கு அட்டையே இராது. நம்பிக்கையின்மைக்கு மென்பொருள் மருந்தன்று. தம்பிக்கு ஒழுங்கான சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்கும் எழுத்தில் கொடுத்திருந்தால் அந்தக் கமெராக்களில் பாதி தேவைப்பட்டிராது.

என் வாகனத்தை ஒருமுறை இத்தகைய இடமொன்றுக்குக் கொண்டு சென்றேன். ஊரும் பெயரும் வேண்டாம். பில் முழுவதும் ஆங்கிலத்தில், பதினொரு வரிகள். அவற்றுள் ஒன்று 'சண்டிறிஸ்' என்று 1,500 ரூபா. அது என்ன என்று கேட்டேன். காசாளராக இருந்த பிள்ளை பணிவாகவே பதில் சொன்னாள்: "கொம்பியூட்டர் அப்படித்தான் போடும் ஐயா." கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன், எறிந்துவிட்டார்களாம். வேலை செய்தவர் யார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு மனிதர்கள் அனைவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இந்த முதலாளிகளில் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை என்ன? அங்கு 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தாமாக வேண்டாம் என்று கூறி உச்சத்தொகை ஒன்றுக்குச் சம்மதித்தாலன்றி, வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். இறுதிப் பில் அந்த மதிப்பீட்டை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. கழற்றிய பாகங்களை, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாலன்றி, திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். பொருத்திய பாகத்துக்கும் செய்த வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. அங்கு விற்கப்படும் மென்பொருளில் 'மதிப்பீடு', 'வாடிக்கையாளர் ஒப்புதல்' போன்ற பகுதிகள் இருப்பதன் பொருள் இதுதான். சட்டமும் வழக்கமும் முதலில் இருந்தன. மென்பொருள் அவற்றை எளிதாக்கிற்று. நம்மவர்கள் மென்பொருளை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, அந்த வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஸ்காபரோவில் சட்டத்துக்கு அஞ்சி நடப்பவர் இங்கு ஏன் அப்படி நடப்பதில்லை? இங்கு கேட்பார் இல்லை என்பதால்தானே? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இலங்கையிலும் உண்டு. ஆனால், கையில் எழுத்தில் ஒன்றும் இல்லாத வாடிக்கையாளன் எதைக் காட்டி முறையிடுவான்?

இனி மறுபக்கத்தாருக்கும் சில வார்த்தைகள். "எங்களுக்குக் கணினியும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம், எல்லாம் தலைக்குள் இருக்கு" என்று பெருமை பேசும் பழைய மெக்கானிக்குகளைச் சொல்கிறேன். அவர்களது திறமையை நான் மதிக்கிறேன். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் அவர்கள். சில துளிப் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த வாகனங்கள் அவர்களுடைய கைவண்ணம். எந்தப் பொறியியற் பீடத்துக்கும் பெருமை தரத்தக்க அறிவு அது. அந்த அறிவு இன்று எங்கே? யார் எழுதிவைத்தார்கள்? காபரேற்றரில் செய்த மாற்றம் என்ன, வால்வு எத்தனை காலத்தில் கரி பிடித்தது, எப்படித் துப்புரவாக்கினார்கள் என்று ஒரு கொப்பியாவது உண்டா? இறந்தவர்களோடும் நாட்டைவிட்டுப் போனவர்களோடும் அதுவும் போயிற்று. தலைக்குள் இருப்பது தலையோடு போய்விடும்.

அதே இழப்பு இன்றும் நடக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இருந்த வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். அவற்றுள் ஜப்பானிய ஹைபிரிட் வாகனங்கள் ஏராளம். ஸ்கானரைப் பொருத்தினால் 'பி0ஏ80' என்ற குறியீடு வரும். ஹைபிரிட் பற்றரியை மாற்று என்பது அதன் பொருள். அரைகுறை அறிவுள்ளவர் உடனே இலட்சக்கணக்கில் பில் எழுதுவார். அனுபவசாலியோ பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி தூசியடைத்திருக்கிறதா, இணைப்புத் தகடுகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். சில வேளைகளில் துப்புரவாக்கலோடு வேலை முடிந்துவிடும். அவர் என்ன கண்டார், என்ன செய்தார், ஆறு மாதம் கழித்து அந்த வாகனம் எப்படி ஓடியது என்பது வேலை அட்டையில் இருந்தால், அது அடுத்த பிள்ளைக்குப் பாடநூல். கராஜ் மென்பொருளின் மெய்யான செல்வம் இதுவே. ஆனால் நம் கணினிகளில் 'இன்ஜின் செக், லேபர்' என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கும்.

ஏனெனில் எழுதவேண்டிய மெக்கானிக்குக்கு அந்தத் திரை விளங்காது. அவருடைய மொழி தமிழ். திரையின் மொழி ஆங்கிலம். அவர் வாயால் சொல்ல, வாகனம் பற்றி அறியாத காசாளர் தமக்குத் தெரிந்த இரண்டு சொற்களைத் தட்டுகிறார். தமிழில் எழுத இடந்தராத மென்பொருளைத் தமிழர் கராஜில் வைப்பதற்கு முன்னர் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள். யூனிக்கோட் வந்து இத்தனை காலமாகியும் ஒரு குறிப்புப் பெட்டியில் தமிழ் எழுத முடியாது என்று எவராவது சொன்னால், அவருடைய பொருளை வாங்காதீர்கள்.

பணக்கணக்கையும் பாருங்கள். இவற்றில் பல மாதச்சந்தாவை டொலரில் கேட்பவை. 2022ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. மாதம் 50 டொலர் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாவாக இருந்த செலவு ஒரு சந்தியில் 18,000 ஆயிற்று. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. சந்தா கட்டாவிட்டால் உங்கள் வாடிக்கையாளரின் வரலாறு முழுவதும் பூட்டப்பட்டுவிடுமா, அல்லது பதிவுகளைப் பிரதியெடுத்துக்கொள்ள முடியுமா? இணையம் இல்லாத நேரத்தில் அட்டை திறக்க முடியுமா? வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

கராஜ் தொடங்க எண்ணுவோருக்கு நான் சொல்வது இவ்வளவே. முதல் மூன்று மாதங்களுக்குக் கணினி வாங்காதீர்கள். தமிழில் அச்சடித்த வேலை அட்டைகளை, மூன்று பிரதிகள் எடுக்கும் கார்பன் தாளுடன் வையுங்கள். வாகனம் வந்ததும் முறைப்பாட்டை உரிமையாளரின் வாய்மொழியிலேயே எழுதுங்கள். மதிப்பீட்டுக்குக் கையொப்பம் வாங்குங்கள். வேலை முடிந்ததும் செய்தவர் தம் பெயரை எழுதட்டும். பழைய பாகத்தை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, ஒன்று மெக்கானிக்குக்கு, ஒன்று உங்களுக்கு. மாலையில் பத்து நிமிடம் உதிரிப்பாகத் தட்டுகளை எண்ணுங்கள். மூன்று மாதம் இதைச் செய்ய முடிந்த கராஜுக்கு மென்பொருள் வாங்கினால் அது பத்து மடங்கு உதவும். செய்ய முடியாத கராஜுக்கு எந்த மென்பொருளும் உதவாது. பிழையான கணக்கை அழகாக அச்சடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இதற்குப் பணம் அனுப்பும் சகோதரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரவில் தொலைபேசியைத் திறந்து இன்றைய வரவு எவ்வளவு என்று பார்க்கிறீர்களே, இன்று எத்தனை பேர் மதிப்பீட்டில் கையொப்பமிட்டார்கள், எத்தனை வாகனம் அதே பழுதுடன் திரும்பி வந்தது, வேலை பழகும் பெடியனுக்கு இம்மாதச் சம்பளம் போயிற்றா என்றும் ஒருநாள் பாருங்கள். அந்தத் திரையில் இவற்றுக்கும் இடம் உண்டு. அந்த இடம் வெறுமையாக இருந்தால், உங்கள் கராஜின் நிலை உங்களுக்கே விளங்கிவிடும்.